செல்ஃப் கன்டெய்ன்டா, இன்-கிளாஸ் சப்போர்ட்டா? நியூ ஜெர்சி பப்ளிக் ஸ்கூல்ல ஸ்பெஷல் எஜுகேஷன் எதைப் பார்த்து தேர்வு பண்றது

ஏப்ரல், மே வந்தா போதும், ஜெர்சில நம்ம தமிழ் அம்மா அப்பா குரூப்ல ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வரும். "ஆனுவல் ரிவ்யூ மீட்டிங் முடிஞ்சுது, அடுத்த வருஷம் செல்ஃப் கன்டெய்ன்ட் கிளாஸ்னு சொல்றாங்க, ஒத்துக்கலாமா?" இல்லேன்னா அதுக்கு நேர் எதிரா, "ஜெனரல் கிளாஸ்லயே வைக்கிறோம்கறாங்க, ஆனா பையன் ஒன்னும் புரியாம உக்காந்திருக்கான், என்ன கேக்கறதுன்னே தெரியல". செல்ஃப் கன்டெய்ன்ட்னா ஸ்பெஷல் எஜுகேஷன் பிள்ளைங்க மட்டும் நாள்ல பெரும்பகுதி இருக்கற தனி கிளாஸ். கேள்வி வந்த உடனே இருபது பேர் பதில் போடுவாங்க, செல்ஃப் கன்டெய்ன்ட் போனா அவ்ளோதான் வெளிய வரவே முடியாதும்பாங்க, இன்னொருத்தர் எங்க பொண்ணு அங்க போயிதான் பேசவே ஆரம்பிச்சாம்பாங்க. ரெண்டு பேர் சொல்றதும் அவங்கவங்க பிள்ளைக்கு உண்மைதான், ஆனா கேட்டவங்களுக்கு அதை வெச்சு முடிவெடுக்க முடியாது. என் பிள்ளை ப்ரீஸ்கூல்ல இருந்து இதே சிஸ்டம்ல வளந்தவன், அது போக தெரிஞ்ச குடும்பங்களுக்கு மீட்டிங்ல பக்கத்துல உக்காரப் போறதும் உண்டு, அதனால கொஞ்சம் விரிவாவே எழுதறேன். வகுப்போட பேரை மட்டும் பார்த்து முடிவு பண்ணாதீங்க, அந்த ஏற்பாட்டுல காலைல எட்டரைல இருந்து மூணு மணி வரைக்கும் உங்க பிள்ளைக்கு யார், எவ்ளோ நேரம், என்ன சொல்லித் தராங்கன்னு கேட்டு அதை வெச்சு ஒப்பிடுங்க. நான் கீழ சொல்றது எல்லாமே இதை ஒட்டித்தான்.

முதல்ல சட்டம், ஏன்னா அதை வெச்சுதான் எல்லாமே. 1975ல வந்த ஸ்பெஷல் எஜுகேஷன் சட்டம்தான் 1990ல ஐடியா (IDEA)ன்னு பேர் மாறி 2004ல திருத்தப்பட்டு இப்ப வரைக்கும் இருக்கு. 3 வயசுல இருந்து 21 வயசு வரைக்கும் தகுதியுள்ள பிள்ளைக்கு அவங்களுக்கு ஏத்த கல்வியை ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் (ஊர் பப்ளிக் ஸ்கூல்களை நடத்தற அமைப்பு) இலவசமா குடுத்தே ஆகணும், முடிஞ்ச வரைக்கும் மத்த பிள்ளைங்களோட சேர்ந்து குடுக்கணும். ஹெச்1பி, ஹெச்4, கிரீன் கார்டு பெண்டிங், எந்த நிலைமைல இருந்தாலும் இது உண்டு, ஐஇபி (உங்க பிள்ளைக்குன்னு ஸ்கூல் எழுதித் தர்ற தனி கல்வித் திட்டம்) வாங்கினா கிரீன் கார்டு பாதிக்குமோன்னு நெறைய பேர் பயந்து தள்ளிப் போடறாங்க, தயவு செஞ்சு அப்படி பயப்படாதீங்க, ஸ்கூல் படிப்பை பப்ளிக் சார்ஜ் (அரசாங்க உதவியை நம்பி வாழறவங்களான்னு இமிக்ரேஷன்ல பார்க்கறது) கணக்குல எடுக்கறதே இல்ல. இன்னொன்னு, 2017ல என்ட்ரூன்னு ஒரு கொலராடோ பையன் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் 8-0ன்னு ஒருமனதா தீர்ப்பு குடுத்துச்சு, ஏதோ கொஞ்சம் முன்னேறினா போதும்னு ஸ்கூல் விட்டுட முடியாது, அந்த பிள்ளையோட நிலைமைக்கு தகுந்த உண்மையான முன்னேற்றம் கிடைக்கிற மாதிரி ஐஇபி இருக்கணும்னு. மீட்டிங்ல "ஹீ இஸ் மேக்கிங் ப்ராக்ரஸ்"னு பொத்தாம் பொதுவா சொல்லும்போது இதை மனசுல வெச்சுக்கோங்க.

டிஸ்ட்ரிக்ட் ஏன் சில சமயம் கைய இறுக்கிப் பிடிக்குதுங்கறதுக்கும் ஒரு காரணம் இருக்கு. அந்த 1975 சட்டத்துல நாட்டுல ஒரு பிள்ளையோட படிப்புக்கு ஆகற சராசரி செலவுல 40 சதவீதம் வரைக்கும் ஃபெடரல் கவர்மென்ட் தரும்னு சொன்னாங்க, ஒரு வருஷம் கூட அவ்ளோ தந்ததில்ல. மிச்சம் எல்லாம் ஸ்டேட்டும் நம்ம கட்டற ப்ராபர்ட்டி டேக்ஸும்தான். உங்க பிள்ளையோட ஐஇபியைப் பார்த்துக்கற கேஸ் மேனேஜர் கெட்டவங்க இல்ல, பெரும்பாலும் நல்ல மனசுக்காரங்க, ஆனா அவங்க கைல இருக்கறதைத்தான் முதல்ல குடுக்கப் பார்ப்பாங்க.

சரி, முதல் கவலை ஆரம்பிக்கிற இடத்துல இருந்து வரேன். டீச்சர் கூப்பிட்டு "படிக்க கஷ்டப்படறான், ஐ அண்ட் ஆர்எஸ்ல போட்டுப் பார்ப்போம்"பாங்க. அது ஜெனரல் எஜுகேஷனுக்குள்ளயே குடுக்கற கூடுதல் உதவி, வாரத்துல சில நாள் ரீடிங் ஸ்பெஷலிஸ்ட் கூட்டிட்டுப் போவாங்க, அவ்ளோதான். லேசான பின்னடைவுன்னா அது நல்லதுதான், வேண்டாம்னு சொல்ல மாட்டேன். ஆனா அதுக்காக எவாலுவேஷனை (ஸ்பெஷல் எஜுகேஷன் தேவையான்னு சோதிக்கறதை) தள்ளிப் போட வேண்டிய அவசியம் இல்ல, ரெண்டும் ஒரே நேரத்துல நடக்கலாம். நீங்க எழுத்துல கேட்ட தேதில இருந்து 20 காலண்டர் நாளுக்குள்ள (ஸ்கூல் ஹாலிடே கழிச்சு, ஆனா சம்மர் லீவ் கழியாது) சைல்ட் ஸ்டடி டீம் (ஸ்கூல் சைக்காலஜிஸ்ட் மாதிரி நிபுணர்கள் இருக்கற குழு) உங்களை மீட்டிங்குக்கு கூப்பிடணும். எவாலுவேஷனுக்கு நீங்க கையெழுத்துப் போட்டதுல இருந்து 90 நாளுக்குள்ள டெஸ்ட், தகுதி முடிவு, ஐஇபி ஆரம்பிக்கிறது வரைக்கும் எல்லாம் முடியணும். வாய்ல சொன்னா இந்த கடிகாரம் ஓடாது, டீச்சர்கிட்ட பேரண்ட் கான்ஃபரன்ஸ்ல சொன்னதும் கணக்குல வராது. ஸ்பெஷல் சர்வீசஸ் டைரக்டருக்கு லெட்டர், பிரின்சிபலுக்கு காப்பி, தேதி போட்டு. முழுசா சைல்ட் ஸ்டடி டீம் எவாலுவேஷன் வேணும்னு ஒரு வரி போதும்.

அடுத்து 504ஆ ஐஇபியாங்கற கேள்வி. 504 வந்து 1973 ரிஹாபிலிடேஷன் சட்டத்துல வர்றது, அது பாகுபாடு காட்டக் கூடாதுங்கற உரிமைச் சட்டம். டெஸ்டுக்கு கூடுதல் நேரம், முன் சீட், நடுவுல எழுந்து நடக்க பிரேக், அலர்ஜிக்கு மருந்து, இந்த மாதிரி. பாடத்தை வேற விதமா சொல்லித் தரணும்னா அது பெரும்பாலும் 504ல வராது, அதுக்கு ஐஇபி வேணும். ஏடிஹெச்டி இருக்கு, மார்க் நல்லா வருது, உக்காந்து முடிக்கத்தான் கஷ்டம்னா 504 போதும். படிக்கவே திணறறான், எழுத்துக்கூட்ட முடியல, பேச்சு புரியலன்னா 504 குடுத்து சமாதானம் பண்ணினா ஏத்துக்காதீங்க. நம்ம ஆளுங்க "ஸ்பெஷல் எட்"ங்கற பேருக்கு பயந்துட்டு 504 போதும்னு சந்தோஷமா கையெழுத்துப் போட்டுட்டு வந்துடறாங்க, ரெண்டு வருஷம் கழிச்சு பிள்ளை இன்னும் கீழ போனப்புறம் மறுபடி ஆரம்பத்துல இருந்து. காலேஜ் அப்ளிகேஷன்ல இது வராது, யாருக்கும் தெரியாது. பேருக்கு பயந்து பிள்ளையோட ரெண்டு வருஷத்தை விட்டுக் குடுக்காதீங்க.

எவாலுவேஷன்ல நம்ம பிள்ளைங்களுக்குன்னே ஒரு சிக்கல் இருக்கு, இதை அழுத்திச் சொல்றேன். வீட்டுல தமிழ் மட்டும் பேசற பிள்ளை மூணு வயசுல, நாலு வயசுல டெஸ்டுக்குப் போவான். படத்தைக் காட்டி என்னன்னு கேப்பாங்க, அவன் தமிழ்ல கரெக்டா சொல்லுவான், ஸ்கோர் ஷீட்ல அது தப்பு. அப்படி வந்த நம்பரை வெச்சு மொழி வளர்ச்சி ரொம்ப கம்மின்னு எழுதினா அது அந்த பிள்ளையைப் பத்தின உண்மை இல்ல. அதே சமயம் நேர் எதிரான தப்பும் நடக்குது, "ரெண்டு மொழி வீடு, அதான் லேட்டா பேசறான், ஈஎஸ்எல் (இங்கிலீஷ் சொல்லித் தர்ற கிளாஸ்) போனா சரியாயிடும்"னு சொல்லி உண்மையான பிரச்சனையைப் பார்க்காம விட்டுடுவாங்க. நீங்க கேக்க வேண்டியது, பிள்ளைக்கு நல்லா வர்ற மொழியிலயும் சோதிக்கணும், தேவைன்னா தமிழ் இன்டர்ப்ரெட்டர் வேணும், மீட்டிங்லயும் வேணும்னா அதுக்கும், எல்லாம் டிஸ்ட்ரிக்ட் செலவு. தமிழ்லயும் தடுமாறறானா, பாட்டிகிட்ட ஃபோன்ல பேசும்போது வாக்கியம் வருதான்னு நீங்க கவனிச்சதை எழுதிக் குடுங்க, அந்த டீமுக்கு அதைச் சொல்ல உங்களை விட்டா ஆள் கிடையாது. அப்புறம் வீட்டுல தமிழை நிறுத்திட்டு இங்கிலீஷ் மட்டும் பேசுங்கன்னு யாராவது சொன்னா செய்யாதீங்க. ரெண்டு மொழி கேக்கறதால ஆட்டிசமோ பேச்சுத் தாமதமோ கூடறதில்ல. தாத்தா பாட்டியோட இருக்கற பேச்சு அறுந்து போறதுதான் மிச்சம்.

ரிப்போர்ட் எல்லாம் தகுதி மீட்டிங்குக்கு குறைஞ்சது 10 நாள் முன்னாடி உங்க கைக்கு வரணும். வரலன்னா மீட்டிங்கைத் தள்ளி வைக்கச் சொல்லுங்க, அங்க போயி முப்பது பக்கத்தை முதல் தடவையா பார்த்துட்டு தலையாட்டிட்டு வராதீங்க.

இப்ப நிஜமான ஒப்பீடு. எங்க காம்ப்ளக்ஸ்ல ஒரு குடும்பம், பையன் செகண்ட் கிரேடு, லேசான ஆட்டிசம், கணக்கு நல்லா வரும், ரீடிங் ஃபர்ஸ்ட் கிரேடு ஆரம்பத்துல நிக்குது, கூட்டம் சத்தம்னா காதைப் பொத்திப்பான். டீம் ரெண்டு வழி சொல்லுச்சு, இருக்கற ஸ்கூல்லயே இன்-கிளாஸ் ரிசோர்ஸ், இல்லேன்னா அதே டிஸ்ட்ரிக்ட்ல வேற ஸ்கூல்ல எல்எல்டி (கற்றல், மொழி சிரமம் இருக்கற பிள்ளைங்களுக்கான) செல்ஃப் கன்டெய்ன்ட் கிளாஸ். அவங்க அம்மா "அக்கா, எது நல்லதுன்னு ஒரே வார்த்தைல சொல்லுங்க"ன்னாங்க. நான் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லல, சேர்ந்து உக்காந்து ஒவ்வொன்னா பிரிச்சுப் பார்த்தோம்.

இன்-கிளாஸ் ரிசோர்ஸ்னா, அதாவது தலைப்புல சொன்ன இன்-கிளாஸ் சப்போர்ட், சுருக்கமா ஐசிஆர், சாதாரண கிளாஸ்தான், ஆனா ஜெனரல் டீச்சர் கூட ஒரு ஸ்பெஷல் எட் டீச்சரும் இருப்பாங்க. பேப்பர்ல பார்க்க ரொம்ப அழகா இருக்கும். நேர்ல போயி கேக்க வேண்டிய கேள்வி, அந்த ரெண்டாவது டீச்சர் நாள் முழுக்க இருக்காங்களா, லாங்குவேஜ் ஆர்ட்ஸுக்கும் மேத்துக்கும் மட்டும் வந்துட்டு போறாங்களா? பெரும்பாலும் ரெண்டாவதுதான். சயின்ஸ், சோஷியல் ஸ்டடீஸ்ல அவன் தனியா நிப்பான். அந்த டீச்சர் உண்மையிலேயே சேர்ந்து பாடம் எடுக்கறாங்களா, இல்ல பின்னாடி நின்னு பிள்ளைங்களுக்கு பேஜ் நம்பர் காட்டிட்டு இருக்காங்களா? நல்லா நடந்தா ஐசிஆர் மாதிரி ஒன்னு இல்ல. பிள்ளை தன் வயசுப் பசங்க பேசறதைக் கேட்டுட்டே வளருவான், கிரேடு லெவல் பாடம் முழுசா கிடைக்கும், அண்ணன் தங்கச்சி போற அதே ஸ்கூல், அதே பஸ். ஆனா ஒரு பிள்ளை மத்தவங்களை விட ரெண்டு கிரேடு பின்னாடி இருந்தா, அந்த வேகத்துல ஓடற கிளாஸ்ல ரெண்டாவது டீச்சரால அந்த இடைவெளியை மூட முடியாது, ஹோம்வர்க்கை முடிக்க வெக்க முடியும், அவ்ளோதான். முடிச்ச ஒர்க் ஷீட்டைப் பார்த்துட்டு படிக்கிறான்னு நாமளும் நினைச்சுப்போம்.

அங்கதான் புல்-அவுட் ரிசோர்ஸ் ரூம் வருது. ரீடிங்குக்கு மட்டும், இல்ல மேத்துக்கு மட்டும், தனி ரூம், சின்ன குரூப், ஸ்பெஷல் எட் டீச்சர். டிஸ்லெக்சியா (எழுத்துக்கூட்டிப் படிக்கறதுல வர்ற சிரமம்) மாதிரி இருந்தா நான் யோசிக்காம இதைத்தான் கேக்கச் சொல்லுவேன், ஆனா வெறும் "ரிசோர்ஸ் ரூம்"னு எழுதினா போதாது, ஆர்டன்-கில்லிங்ஹாம், வில்சன் மாதிரி எழுத்தையும் ஒலியையும் படிப்படியா சேர்த்து சொல்லித் தர்ற முறை வேணும், அதுல பயிற்சி எடுத்த டீச்சர் இருக்காங்களான்னு கேளுங்க. ஜெர்சில டிஸ்லெக்சியா அறிகுறி தெரியற பிள்ளையை செகண்ட் கிரேடு முதல் செமஸ்டர் முடியறதுக்குள்ள ஸ்க்ரீன் பண்ணணும்னு சட்டமே இருக்கு, பண்ணினாங்களான்னு கேட்டு ரிசல்ட்டை வாங்குங்க. புல்-அவுட்ல பார்க்க வேண்டிய இன்னொன்னு, எந்த நேரத்துல கூட்டிட்டுப் போறாங்க. ஜிம், ம்யூசிக் நேரத்துல ஸ்பீச்சுக்கு இழுத்துட்டுப் போனா பிள்ளைக்கு அந்த ஸ்பீச் மேலயே வெறுப்பு வந்துடும், அவனுக்கு நாள்ல சந்தோஷமா இருக்கற ஒரு நேரம் அதுதானே. டைம்டேபிளை பேப்பர்ல எழுதித் தரச் சொல்லுங்க, அதுல அவன் எதை மிஸ் பண்றான்னு ஒரு பார்வைல தெரிஞ்சிடும்.

செல்ஃப் கன்டெய்ன்ட் பத்தி கொஞ்சம் நீளமா சொல்லணும், ஏன்னா நம்ம ஆளுங்களுக்கு இதுமேலதான் பயம் ஜாஸ்தி. ஜெர்சில இது பல வகை, எல்எல்டி, ஆட்டிசம், மல்டிபிள் டிஸபிலிட்டீஸ்னு. ஒரே வகை இல்ல, ஒரே பேர்ல இருக்கற ரெண்டு கிளாஸ் கூட ஒரே மாதிரி இருக்காது. ஆட்டிசம் கிளாஸ்னா ஸ்டேட் விதிப்படி எய்ட் (கிளாஸ்ல உதவிக்கு இருக்கறவங்க) இல்லாம ஒரு டீச்சருக்கு 3 பிள்ளைங்க, ஒரு எய்ட் இருந்தா 6 வரைக்கும், ரெண்டு எய்ட்னா 9 வரைக்கும். எல்எல்டில இதைவிட பெருசா இருக்கும். நீங்க கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி அந்த கிளாஸைப் போயிப் பார்க்க உங்களுக்கு உரிமை இருக்கு, பார்க்காம ஒத்துக்கவும் வேண்டாம், பார்க்காம மறுக்கவும் வேண்டாம்.

அந்த அம்மா கூட நானும் போயிருந்தேன். சுவத்துல ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியா படம் ஒட்டின டைம்டேபிள், வெல்க்ரோ போட்டது, ஒரு வேலை முடிஞ்சதும் பிள்ளையே அந்தப் படத்தை எடுத்து கீழ இருக்கற கவர்ல போடறான். அரை வட்டமா ஒரு மேஜை, அதுல டீச்சர் மூணு பேரை வெச்சு சவுண்டு கார்டு பண்றாங்க, பக்கத்துல கிளிப்போர்டு, ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு ப்ளஸ் மைனஸ். பேச்சு வராத ஒரு பொண்ணு ஐபேட்ல படத்தைத் தொட்டு தண்ணி கேட்டா, எய்ட் உடனே குடுக்காம கண்ணைப் பார்த்து சிரிச்சுட்டு பேரைச் சொல்லிக் குடுத்தாங்க. சத்தம் இல்ல, யாரும் அழல. அந்த அம்மா மனசுல இருந்த பயத்துல பாதி அங்கயே கரைஞ்சிடுச்சு. ஆனா அதே சமயம் இன்னொன்னும் பார்த்தோம், இந்த பையன் அளவுக்கு வாக்கியமா பேசற பிள்ளை அங்க ஒருத்தன்தான். கணக்கு புக்கு கின்டர்கார்டன் லெவல். இவன் செகண்ட் கிரேடு கணக்கை சுலபமா போடறவன். அவனுக்கு அந்த அமைதி வேணும், ஆனா அந்த கணக்கும் அந்த பேச்சுத் துணையும் பத்தாது. கிளாஸ் நல்ல கிளாஸ்தான், இவனுக்குத்தான் பொருந்தல.

பொருந்தற பிள்ளைக்கு அது பெரிய வரம். முப்பது பேர் நடுவுல நாள் முழுக்க பதட்டமா காதைப் பொத்திட்டு உக்காந்திருக்கற பிள்ளை எதையும் கத்துக்க முடியாது, அதுக்கு இன்க்ளூஷன்னு பேர் வெச்சா மட்டும் என்ன பிரயோஜனம். டாய்லெட் பழக்கம், கேட்டு வாங்கறது, காத்திருக்கறது, இதெல்லாம் இன்னும் வராத சின்ன வயசுல ஏபிஏ (சின்னச் சின்னப் படியா பழக்கி நடத்தையை வளர்க்கற பயிற்சி) முறைல நல்லா நடத்தற கிளாஸ்ல ரெண்டு வருஷம் இருந்துட்டு அப்புறம் மெதுவா வெளிய வர்ற பிள்ளைங்களை நான் பார்த்திருக்கேன். நீங்க கேட்டு ஐஇபில எழுத வெக்க வேண்டியது, லஞ்ச், ரீசஸ், ஆர்ட், நல்லா வர்ற ஒரு பாடம், இதுல எல்லாம் ஜெனரல் கிளாஸ் பசங்களோட எத்தனை நிமிஷம்னு, எய்ட் கூட வருவாங்களான்னு, என்ன நடந்தா அந்த நிமிஷத்தைக் கூட்டுவாங்கன்னு. இந்த மூணாவதுதான் முக்கியம், வெளிய வர்ற வழி எழுத்துல இல்லேன்னா வருஷா வருஷம் அப்படியே காப்பி பேஸ்ட் ஆகிட்டே போகும்.

டிப்ளமா கிடைக்காதுன்னு ஒரு வதந்தி சுத்திட்டே இருக்கு. செல்ஃப் கன்டெய்ன்ட்ல படிச்சாலும் ஜெர்சில அதே ஸ்டேட் டிப்ளமாதான். ஆனா டிஎல்எம்னு ஒரு மாற்று டெஸ்ட் இருக்கு, அது அறிவு வளர்ச்சில ரொம்ப கடுமையான பாதிப்பு இருக்கற பிள்ளைங்களுக்கானது. உங்க பிள்ளைக்கு அதை டிக் பண்ணினா ஏன்னு கேளுங்க, ஏன்னா அதோட சேர்ந்து பாடத்தோட அளவும் குறைய ஆரம்பிச்சிடும்.

அவுட் ஆஃப் டிஸ்ட்ரிக்ட் பத்தி சுருக்கமா. டிஸ்ட்ரிக்ட்ல இருக்கற எதுவும் பொருந்தலன்னா ஸ்டேட் அனுமதிச்ச தனியார் ஸ்பெஷல் ஸ்கூலுக்கோ கவுன்டி நடத்தற ஸ்கூலுக்கோ அனுப்புவாங்க, ஃபீஸும் வேனும் டிஸ்ட்ரிக்ட் செலவு, வருஷம் ஒரு லட்சம் டாலர் தாண்டற ஸ்கூலும் இருக்கு. இப்படி தனி ஸ்கூலுக்கு பிள்ளைங்களை அனுப்பறதுல நாட்டுலயே முன்னாடி நிக்கற மாநிலங்கள்ல ஜெர்சியும் ஒன்னு. நிபுணர்கள், ஸ்பீச் தெரபி, ஓடி (அன்றாட வேலைகளைப் பழக்கற ஆக்குபேஷனல் தெரபி), பிசிபிஏ (ஏபிஏ நிபுணர்) எல்லாம் ஒரே கட்டடத்துல இருக்கறது பெரிய பலம். பக்கத்து வீட்டுப் பசங்களோட ஒரு தொடர்பும் இல்லாம போறது பெரிய நஷ்டம், வேன்லயே காலைல ஒரு மணி நேரம் போகும். கடுமையான நடத்தைப் பிரச்சனை, தன்னைத்தானே அடிச்சுக்கறது, இதுக்கெல்லாம் டிஸ்ட்ரிக்ட் கிளாஸால முடியலங்கும்போது தயங்காம கேக்கலாம். மத்தவங்களுக்கு இது முதல் தேர்வா இருக்கக் கூடாதுன்னுதான் நான் நினைக்கிறேன்.

ஒன் டு ஒன் எய்ட் வேணும்னு நம்ம அம்மா அப்பா எல்லாரும் முதல் கோரிக்கையா வெக்கறாங்க. ஓடிப் போற பிள்ளை, வலிப்பு வர்ற பிள்ளைன்னா கண்டிப்பா வேணும். ஆனா பேசற, நடக்கற, படிக்கிற பிள்ளைக்கு நாள் முழுக்க ஒட்டிட்டே ஒரு பெரியவங்க இருந்தா மத்த பசங்க கிட்ட வர மாட்டாங்க, டீச்சரும் அந்தப் பிள்ளையை எய்ட் பொறுப்புல விட்டுடுவாங்க, பிள்ளையும் பென்சில் எடுக்கறதுக்குக் கூட அவங்க முகத்தைப் பார்க்கும். எய்டுங்கறவங்க பெரும்பாலும் டீச்சர் சர்டிஃபிகேட் இல்லாதவங்க. அதுக்கு செலவழிக்கற சண்டையை ஸ்பெஷல் எட் டீச்சரோட நேரத்தைக் கூட்டறதுக்குப் போடுங்க. எய்ட் வாங்கினாலும் எப்ப எப்படி குறைப்பாங்கன்னு எழுதி வாங்குங்க.

வெளிய போற தெரபிக்கும் ஸ்கூல் தெரபிக்கும் உள்ள வித்தியாசத்தையும் குழப்பிக்காதீங்க. ஸ்கூல் ஸ்பீச்சும் ஓடியும் படிப்புக்கு எவ்ளோ தேவையோ அவ்ளோதான் தருவாங்க, குரூப்பா வாரம் ரெண்டு தடவை அரை மணி நேரம்கற மாதிரி. வீட்டுல குளிக்கறது, சாப்பிடறது, தூங்கறது இதுக்கெல்லாம் இன்சூரன்ஸ் வழியா வர்ற ஏபிஏ உதவும். ஜெர்சில 2009 சட்டப்படி ஆட்டிசத்துக்கு ஏபிஏவை இன்சூரன்ஸ் கவர் பண்ணணும், ஆனா கம்பெனியே செலவை ஏத்துக்கற செல்ஃப் ஃபண்டட் பிளானுக்கு அது பொருந்தாது, பெரிய ஐடி கம்பெனில நெறைய பேருக்கு அந்த பிளான்தான், ஹெச்ஆர்ல கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. 21 வயசுக்குள்ள பிள்ளைங்களுக்கு ஸ்டேட் சேவைகளுக்கு, அதை ஸ்டேட் சார்பா கவனிச்சுக்கற பெர்ஃபார்ம்கேர்ல பதிஞ்சு வெச்சுக்கறதும் நல்லது. ரெண்டையும் ஒன்னுக்கு ஒன்னு பதிலா நினைக்காதீங்க, "நீங்கதான் வெளிய ஸ்பீச் போறீங்களே"ன்னு சொல்லி ஸ்கூல் தர்றதைக் குறைக்க விடாதீங்க.

எந்த வழி எடுத்தாலும் ஐஇபில இருக்கற கோல் (இலக்கு) பக்கத்தைப் படிங்க, அதுலதான் எல்லாம் இருக்கு. "வாசிப்புத் திறனை மேம்படுத்திக்கொள்வான்"ங்கற மாதிரி இருந்தா அது கோல் இல்ல, ஆசை. இப்ப ஒரு நிமிஷத்துக்கு இத்தனை வார்த்தை சரியா படிக்கிறான், ஜூன்ல இத்தனை படிப்பான், யார் எப்ப அளப்பாங்கன்னு இருக்கணும். மத்த பிள்ளைங்களுக்கு ரிப்போர்ட் கார்டு வர்றப்பல்லாம் உங்களுக்கும் ப்ராக்ரஸ் ரிப்போர்ட் வரணும். "ப்ராக்ரசிங் சாட்டிஸ்ஃபேக்டரிலி"ன்னு மட்டும் வந்தா நம்பர் எங்கன்னு ஈமெயில் போடுங்க. மீட்டிங்கை ரெக்கார்ட் பண்ண விதி அனுமதிக்குது, ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி சொல்லிட்டா போதும், நான் எல்லார்கிட்டயும் பண்ணச் சொல்றேன், இங்கிலீஷ் வேகமா ஓடும்போது நம்மளால எல்லாம் பிடிக்க முடியாது.

ஒத்து வரலன்னா என்ன பண்றதுங்கறதுல ஜெர்சில ஒரு முக்கியமான விஷயம். முதல் ஐஇபிக்கு மட்டும்தான் உங்க சம்மதக் கையெழுத்து இல்லாம ஆரம்பிக்க முடியாது. அதுக்கப்புறம் வர்ற மாற்றத்துக்கு 15 நாள்தான், அதுக்குள்ள நீங்க மீடியேஷனோ (நடுவர் வெச்சுப் பேசித் தீர்க்கறது) டியூ ப்ராசஸோ (நீதிபதி முன்னாடி விசாரணை) ஃபைல் பண்ணலன்னா புது ஐஇபி தானா நடைமுறைக்கு வந்துடும். "ஐ டிஸ்அக்ரீ"ன்னு ஈமெயில் போட்டுட்டு நிம்மதியா இருந்துடாதீங்க, அது போதாது. ஃபைல் பண்ணிட்டா முடிவு வர்ற வரைக்கும் பழைய ஏற்பாடே தொடரும். மீடியேஷன் ஸ்டேட் நடத்தறது, காசு இல்ல, வக்கீல் வேணும்கறதும் இல்ல. டியூ ப்ராசஸ் வரைக்கும் போனா கூட தாங்க குடுக்கறது சரிதான்னு நிரூபிக்கற பொறுப்பு இங்க டிஸ்ட்ரிக்ட் மேல, 2008ல இருந்து அப்படித்தான். டிஸ்ட்ரிக்ட் பண்ணின எவாலுவேஷன் சரியில்லன்னு தோணினா அவங்க செலவுலயே வெளி நிபுணர்கிட்ட இன்டிபெண்டன்ட் எவாலுவேஷன் கேக்கலாம், ஆயிரக் கணக்குல சொந்தக் காசு போட்டு நியூரோசைக்காலஜிஸ்ட்கிட்ட டெஸ்டுக்குப் போறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க. ஸ்பான்னு பேரண்ட்ஸ் அமைப்பு ஒன்னு இருக்கு, இலவசமா ஃபோன்ல பொறுமையா சொல்லித் தருவாங்க. ஒவ்வொரு டிஸ்ட்ரிக்ட்லயும் ஸ்பெஷல் எட் பேரண்ட் குரூப், செபாக்னு சொல்லுவாங்க, இருந்தே ஆகணும். அங்க நம்ம ஆளுங்க முகம் ரொம்ப கம்மியா இருக்கு, வாங்க.

வீடு வாங்கப் போறவங்களுக்கு ஒரு வார்த்தை. எடிசன், சவுத் பிரன்ஸ்விக், பிளெயின்ஸ்பரோன்னு நம்ம ஆளுங்க ரேட்டிங் 9, 10 பார்த்து வாங்கறோம். அந்த ரேட்டிங்ல பெரும்பங்கு டெஸ்ட் ஸ்கோர், உங்க பிள்ளைக்கு என்ன கிடைக்கும்னு அதுல தெரியாது. பொதுவா பெரிய டிஸ்ட்ரிக்ட்ல பிள்ளைங்க நெறைய, அதனால எல்எல்டில இருந்து ஆட்டிசம் வரைக்கும் பல கிளாஸ் உள்ளூர்லயே நடத்த முடியும், ஒன்னுல இருந்து இன்னொன்னுக்கு மாத்தறதும் சுலபம். சின்ன, பணக்கார டிஸ்ட்ரிக்ட்ல கிளாஸ் அழகா சின்னதா இருக்கும், ஆனா பிள்ளைக்கு கொஞ்சம் ஜாஸ்தி தேவைன்னா உடனே வெளி ஸ்கூல்தான். மாறிப் போனாலும் ஐஇபி கூடவே வரும், புது டிஸ்ட்ரிக்ட் அதுக்கு இணையான சேவையை உடனே ஆரம்பிக்கணும். ஆனா பிடிச்ச டீச்சர் கூட வர மாட்டாங்க, அதை யோசிங்க.

அந்த குடும்பம் கடைசில டீம் சொன்ன ரெண்டையும் அப்படியே எடுக்கல. இருக்கற ஸ்கூல்லயே ஐசிஆர், கணக்கு முழுக்க ஜெனரல் கிளாஸ்ல, ரீடிங்குக்கு மட்டும் தினமும் புல்-அவுட்ல வில்சன், ஓடி வழியா சத்தத்துக்கு ஹெட்ஃபோனும் அமைதியா உக்கார ஒரு மூலையும், பொதுவா ஒரு ஷேர்டு எய்ட், ஸ்பீச் ஜிம் நேரத்துல கிடையாது. சம்மர்ல கத்தது மறந்துடுவான்னு டேட்டா காட்டி ஈஎஸ்ஒய்யும் (சம்மர் லீவ்லயும் தொடர்ற ஸ்பெஷல் எட் சேவை) வாங்கினாங்க. ஜனவரில ரீடிங் நம்பர் இவ்ளோ ஏறலன்னா மறுபடி உக்காந்து செல்ஃப் கன்டெய்ன்டைப் பத்திப் பேசணும்னு ஐஇபிலயே தேதியோட எழுதியிருக்கு, அந்த அப்பா அந்தப் பக்கத்தை ஃபோட்டோ எடுத்து ஃபோன் காலண்டர்ல போட்டு வெச்சிருக்கார். உங்களுக்கு மீட்டிங் தேதி வந்திருந்தா டிராஃப்ட் ஐஇபியை முன்னாடியே அனுப்பச் சொல்லி கேஸ் மேனேஜருக்கு இன்னைக்கே ஒரு ஈமெயில் போட்டுடுங்க.